கறிவேப்பிலைச் செடி இலை கொட்டுகிறது, யாராவது சொல்லுங்களேன்

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். கோடை முழுக்க பால்கனியில் தளதளவென்று நின்ற கறிவேப்பிலையை, இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் உள்ளே எடுத்தோம். தெற்கு ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறோம். ஆனால் டிசம்பரில் பகலே 9 மணி நேரம்தானே. இப்போது அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே காம்போடு உதிர்கின்றன. தண்டை லேசாகக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சைதான். குளிர்கால உறக்கமாக இருக்கும் என்று உரத்தை நிறுத்திவிட்டேன். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

அது சரி, என் கவலை வேறு. இலையின் அடியில் பொடிப் புள்ளிகள், கணுக்களில் மெல்லிய நூலாம்படை. ஹீட்டர் காற்றின் வறட்சிக்கு வரும் செஞ்சிலந்திப் பேன் போலத்தான் தெரிகிறது. ஷவரில் கழுவினேன், திரும்பவும் வந்துவிட்டது. சமையலுக்குப் பறிக்கிற இலை என்பதால் கண்ட மருந்தையும் அடிக்க மனமில்லை. பூச்சிக்கான சோப்புக் கரைசல் அடித்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை அடித்தீர்கள்? அப்புறம், எல்.இ.டி. விளக்கு வாங்கினால் பலன் உண்டா, இல்லை வசந்தம் வரை இப்படியே விடலாமா? கடையில் வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அம்மா சண்டைக்கு வருவார்.