ஞாயிறு வேதபாடத்தை விட்டுவிடலாமா? இது சோர்வா, கர்த்தர் கதவை அடைக்கிறாரா?

வடக்குவாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுநர். வீடு ஈசூனில். பல வருடங்களாக ஞாயிறு மதியம், ஃபேரர் பார்க் பக்கம் எங்கள் சபையின் பின்னறையில், ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு வேதபாடம் நடத்துகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரிக்கும் போனதில்லை. ஒரு நாள் ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்த நாலு பேர், "அண்ணே, ஆதியாகமத்திலிருந்து எங்களுக்கு யாராவது சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டார்கள். அதை அவர்கள் கேட்டதாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. கர்த்தர் கேட்டதாகவே நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நல்ல நாட்கள் இருந்தன. நாற்காலி போதாமல் தரையில் பாய் விரித்து உட்காருவார்கள். டீ, கறி பப், பாட்டு, அப்புறம் பாடம். ஊரில் பிள்ளை பிறந்த செய்தி, அப்பா இறந்த செய்தி எல்லாம் அந்த அறைக்குத்தான் முதலில் வரும். 2020 ஏப்ரலில் கோவிட் வந்து தொழிலாளர் விடுதிகளை மூடினார்களே, அதோடு எல்லாம் மாறியது. கட்டுப்பாடு தளர்ந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்களுக்குச் சில காலம் தனி அனுமதி தேவைப்பட்டது. பழைய தம்பிகள் பலர் வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது நான்கைந்து பேர் வருகிறார்கள். சில ஞாயிறு ஒரே ஒருவர். அறையை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமே என்று சபைக் குழுவில் மெதுவாகப் பேச்சு எழுந்திருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது நெஞ்சு கனத்துக் கிடந்தது.

வீட்டில் அம்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போய்வரும் நேரம் தனி. காலை ஷிஃப்ட் என்றால் நான் நாலு மணிக்கு முன்பே எழ வேண்டும். என் மனைவிதான் பெரும்பாலும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகிறாள். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுவே எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் இருந்தேன். என்னை உடைத்தது வேறு. வகுப்பில் ஒரு தம்பி இருந்தான், இருபத்து மூன்று வயது. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான், பைபிளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பான். வேலையிடத்தில் வலது கை இயந்திரத்தில் சிக்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபித்தோம். விரல்களைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். இரண்டு விரல்கள் போய்விட்டன. அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். என் அழைப்பையும் எடுப்பதில்லை, செய்திக்கும் பதில் இல்லை. அதற்குப் பிறகு வகுப்பில் ஜெபிக்க வாய் திறந்தாலே தொண்டை அடைக்கிறது.

விசுவாசத்தை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அவரை விட்டு நான் எங்கே போவேன்? ஆனால் இந்த ஊழியம் இன்னும் என்னுடையதுதானா? "நன்மை செய்கிறதில் சோர்ந்துபோகாமல்" என்று கலாத்தியரில் பவுல் எழுதியிருப்பது தெரியும். கர்த்தரே ஒரு கதவை அடைக்கும்போது, விடாமுயற்சி என்று சொல்லி நான் அதையே தட்டிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்த வழியாக நடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் விசுவாசி எழுதியது:

பிரதர், விடாதீர்கள். ஒரு ஆத்துமா வந்தாலும் போதும். உங்கள் அம்மாவின் பெயரை எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வைக்கிறோம்.

தோ பாயோ அத்தை எழுதியது:

தம்பி, நான் ஓய்வு பெற்ற நர்ஸ். முப்பது வருடத்துக்கும் மேல் வார்டில் நின்றவள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நர்ஸ் சொல்லித் தந்தார்: தொடர்ந்து இரவுப் பணி செய்துவிட்டு வரும் காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதாதே, தூங்கி எழுந்து எழுது. உங்கள் கேள்விக்கு என்னுடைய முதல் பதில் அதுதான். நாலு மணிக்கு முன் எழுந்து, பேருந்து ஓட்டி, டயாலிசிஸ் நாட்களையும் பார்த்து, ஞாயிறு பாடமும் எடுக்கும் உடம்புக்குள் இருந்துகொண்டு கர்த்தருடைய சித்தத்தைத் தெளிவாகக் கேட்பது யாருக்கும் கடினம்.

1 இராஜாக்கள் 19 உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் ஒருமுறை நர்ஸின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான், அதற்கும் திட்டு இல்லை. இரண்டாவது தரம் எழுப்பும்போதுதான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தை வருகிறது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது 10-ஆம் வசனமும் 14-ஆம் வசனமும். ஓரேப் மலையில் கர்த்தர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறார். நடுவில் பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் கடந்து போகின்றன. எலியாவின் பதிலோ இரண்டு முறையும் ஒன்றேதான்: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். அந்த மலையில் அவ்வளவு பார்த்தும் அவன் மனசு தேறியதாக அங்கே எழுதப்படவில்லை! கர்த்தர் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை. ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாகவும், எலிசாவைத் தன் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாகவும் அபிஷேகம்பண்ணு என்று மூன்று வேலை கொடுத்து, அந்த எலிசாவையே கூட ஒரு ஆளாகக் காட்டி அனுப்பிவிடுகிறார். அந்த மூன்றிலும் எலியா தானே போய்ச் செய்ததாக நாம் வாசிப்பது எலிசாவை அழைத்ததை மட்டும்தான். ஆசகேல், யெகூ காரியங்கள் எலிசாவின் நாட்களில் நடந்தன. ஆகவே, தொண்டை அடைப்பது நின்றால்தான் அழைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எலிசா யார் என்று தேடுங்கள். இத்தனை வருடமும் பாடம் எடுப்பது, டீ வாங்குவது, கதவு பூட்டுவது எல்லாம் நீங்கள் ஒருவரேதானா? எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

எண்ணிக்கை பற்றி ஒன்று. நான் ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவள். அதே தெருவில் 1887-ல் ஒரு கடைவீட்டில், சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம். தெலுக் ஆயர் பக்கம் பெரனாக்கான் (தலைமுறையாக இங்கே வாழும் சீன வம்சாவளியினர்) வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை அனுப்பச் சொன்னபோது பல வீடுகளில் மறுத்தார்கள். ஆனாலும் அடுத்த வருடமே அங்கே இன்னொரு பள்ளி தொடங்கிவிட்டார். 1928 வரை இங்கே உழைத்தார். அந்த முதல் பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. உங்கள் வகுப்பும் பெரிதாகிவிடும் என்று ஆறுதல் சொல்ல இதை எழுதவில்லை, அது எனக்குத் தெரியாது. முதல் வருடத்தில் அந்த ஒன்பது பேருக்காகத்தான் அவர் எழுந்து போனார், அதைச் சொல்ல வந்தேன்.

விரல் போன பிள்ளையைப் பற்றி என்னிடம் விளக்கம் இல்லை. யாராவது விளக்கம் சொன்னாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டாகவே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. பாடம் எடுக்க முடியாத ஞாயிறு அதையே எல்லாரும் சேர்ந்து வாசித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போங்கள்.

பொறையாறு துவாஸ் எழுதியது:

அண்ணே, வணக்கம். நான் உங்கள் வகுப்புக்கு வந்தவன் இல்லை. ஆனால் நீங்கள் யாருக்காகக் காத்திருக்கிறீர்களோ, அந்த மாதிரி ஆள்தான். துவாஸில் விடுதி, கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை.

எங்கள் ஆட்கள் ஏன் வருவதில்லை என்று சொல்கிறேன், உங்கள்மேல் உள்ள குறை என்று நினைத்துவிடக் கூடாது. ஞாயிறு ஓவர்டைம் கிடைத்தால் இரட்டைச் சம்பளம். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவன் அதை விடமாட்டான். ஓவர்டைம் இல்லாத ஞாயிறு துணி துவைக்க வேண்டும், சமைக்க வேண்டும், ஊருக்கு வீடியோவில் பேச வேண்டும், தூங்க வேண்டும். துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறி ஃபேரர் பார்க் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வர மனசு இருக்கும், உடம்பு வராது. எங்கள் அறையில் மூன்று பேர் இரவு ஒன்பதரைக்குக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிக்கிறோம். பாதி புரியாது. கேட்க ஆள் இல்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உங்கள் அறையைப் பொறுத்தவரை சரி. இங்கே விடுதியில் கேட்கிற ஆட்கள் இருக்கிறோம்.

இன்னொன்று. என் ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கம். ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் ஐயர் 1706-ல் அங்கே வந்து இறங்கிய கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன். டென்மார்க் ராஜா அனுப்பி வந்தவரை அங்கிருந்த டென்மார்க் அதிகாரியே 1708-ல் பிடித்து நான்கு மாதம் கோட்டையில் அடைத்தார். எதிரி இல்லை, சொந்த ஆட்கள். புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத ஆரம்பித்த கொஞ்ச நாளில் நடந்தது இது. வெளியே வந்து 1711-ல் அதை முடித்தார். 36 வயதில் இறந்தும் போனார். உங்கள் குழுவில் உள்ளவர்களை அந்த அதிகாரியோடு சேர்க்கவில்லை அண்ணே. நம்மோடு இருக்கிறவர்கள் ஒத்துக்கொள்ளாததாலேயே கர்த்தரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆகிவிடாது, அவ்வளவுதான்.

கைபோன தம்பி பேசாமல் இருப்பது உங்கள்மேல் வெறுப்பாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஊரிலிருந்து முழுக் கையோடு வந்தவன் இப்படித் திரும்பினால் முதல் வருடம் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. என் சித்தப்பா மகன் அப்படித்தான் இருந்தான். மாதம் ஒரு குரல்செய்தி அனுப்புங்கள். பதில் கேட்காதீர்கள்.

புக்கிட் பாத்தோக் மகன் எழுதியது:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்ல வேண்டும், மன்னிக்கவும். என் அப்பாவும் ஊழியத்தில் மிக உண்மையாக இருந்தவர். எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அம்மாவின் கடைசி வருடங்களில் வீட்டில் மட்டும் இருக்கமாட்டார். நாங்கள் பிள்ளைகள் அதை மறக்க வெகுநாள் ஆயிற்று. அவர் இன்று இல்லை, அவர்மேல் பாசம் குறையவும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: தன் வீட்டாரை விசாரிக்காதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது! சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த இயேசுவே தம் தாயை யோவானிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

உங்கள் மனைவி குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரு வருடம் வகுப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு இருப்பதும் அதே அழைப்புக்குக் கீழ்ப்படிவதாக இருக்கலாம். இதைக் கைவிட்டுப் போவது என்று யாரும் சொல்லக் கூடாது.

தோ பாயோ அத்தை எழுதியது:

இந்தத் தம்பி சொல்வது சரி. நான் வகுப்பைப் பற்றியே எழுதிவிட்டு அந்த மருமகளைப் பற்றி எழுதவில்லை. பராமரிப்பவர்களுக்கு ஓய்வு கொடுக்க ஏற்பாடுகள் இருக்கின்றன. டயாலிசிஸ் நிலையத்தில் சமூகப் பணியாளர் இருப்பார், வெட்கப்படாமல் கேளுங்கள். உங்கள் சபையிலும் சனிக்கிழமை ஒருநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக யாராவது வரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அறையைப் பற்றிப் பேசிய அதே குழுவிடம் கேளுங்கள். உதவி கேட்டால்தானே அவர்களுக்கும் உங்கள் நிலைமை தெரியும்.

வடக்குவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வேலை இடைவேளையில் வாசித்தேன், அப்புறம் வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். புக்கிட் பாத்தோக் தம்பி, உங்கள் கேள்வியை அவளிடம் கேட்டேன். வகுப்பை விடச் சொல்லவில்லை. "ஞாயிறு நீங்க போங்க. ஆனா சனிக்கிழமை எனக்கு வேணும்" என்றாள். சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக்கொள்ள மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்குமா தெரியாது.

வகுப்பில் தொடர்ந்து வரும் தம்பிகளில் ஒருவர் ஊரில் ஞாயிறு பள்ளி எடுத்தவர். மாற்கு சுவிசேஷத்தை அடுத்த மாதம் அவர் நடத்தட்டும், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொன்னேன். பயந்தார், ஆனால் சரி என்றார். அறை விஷயம் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. முடியும்வரை சாவி என்னிடம்தான் இருக்கும்.

ஊருக்குப் போன தம்பிக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். ஜெபம் எதுவும் சொல்லவில்லை, நலமா என்று மட்டும் கேட்டேன். அதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. கர்த்தரிடம் அதை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

துவாஸ் தம்பி, உங்கள் மூன்று பேருக்கும் எந்த இரவு வசதி? எனக்குப் புதன் இரவு காலி.

பொறையாறு துவாஸ் எழுதியது:

புதன் சரிதான் அண்ணே. ஒன்பதரைக்குக் கூப்பிடுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துக்கொள்கிறோம். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். எங்களுக்கு ரோமர் 8-இல் நிறையக் கேள்வி இருக்கிறது.