மீட்டர் குறைத்து விற்ற கார்: ஆதாரம் திரட்ட உதவி வேண்டும்

வணக்கம். நான் பழையதாக வாங்கிய 2016 மாடல் டீசல் காரில் மீட்டர் 58,000 கி.மீ. காட்டுகிறது. கம்பெனி சர்வீஸ் பதிவில் 2021லேயே 1,12,000 கி.மீ.! நான்கு டயரிலும் 3519 முத்திரை, அதாவது 2019ன் 35வது வாரத் தயாரிப்பு; வண்டியோடு வந்த டயர்கள் மாற்றப்பட்டுவிட்டன. பிரேக் பெடல் ரப்பரும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது; இவையும் அதிக ஓட்டத்தையே காட்டுவதாகச் சந்தேகிக்கிறேன்.

மீட்டர் போர்டின் மெமரி சிப்பில்தான் எண்ணை மாற்றுவார்கள். சில மாடல்களில் எஞ்சின் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ஏபிஎஸ் யூனிட் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி) ஆகியவற்றில் பழைய கி.மீ. தங்கிவிடும். கோவைப் பக்கம் அதை ஸ்கேன் செய்து, தேதி, சேஸிஸ் எண்ணுடன் பிரிண்ட் தருபவர் யார்?

உண்மையான ஓட்டம் தெரியாததால் எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை முதலில் மாற்றுகிறேன். அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே போய்விடும்.

காரை 'உள்ளது உள்ளபடி' ஏற்பதாக விற்றவர் என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அது செல்லுமா? வழக்கு நடத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். கம்பெனி சர்வீஸில் ஜாப் கார்டு (சர்வீஸ் வேலைச் சீட்டு) நகலைச் சீல் வைத்து வாங்கும் வழியும் தேவை.