அப்பாவின் கட்டியை உறைய வைக்கச் சொல்லலாமா?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறோம். அப்பாவுக்கு அடுத்த வாரம் சிறுநீரகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை. வெட்டியெடுத்த கட்டியிலிருந்தே புரதங்களைப் பிரித்து ஊசியாகப் போட்டு, நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் புற்றுநோயை அடையாளம் காட்டும் முறை ஒன்று உண்டு. அப்படியொரு மருந்துக்கு ரஷ்யா 2008-இல் அனுமதி தந்தது. கட்டியின் 34 மரபணுப் பிறழ்வுகள் வரை குறிவைக்கும் எம்ஆர்என்ஏ தடுப்பூசியும் பரிசோதனையில் இருக்கிறது.

அவசரம் இதுதான்: வழக்கமாகக் கட்டியை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனக் கரைசல்) போட்டுவிடுவார்கள். புரதம் பிரிக்க உறைந்த திசு வேண்டும். முன்கூட்டியே கேட்டு உறைய வைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? யாரிடம் கேட்பது, கட்டணம் எவ்வளவு? சிங்கப்பூரில் இத்தகைய மருத்துவச் சோதனையில் சேர்ந்தவர்களும் சொல்லுங்கள்.

பப்பாளி இலைச் சாற்றை ஏற்கெனவே மூன்று பேர் சொல்லிவிட்டார்கள், அது வேண்டாம்.