வண்டி ஹீட் ஆகிறதா? எப்போது ஆகிறது என்று முதலில் பாருங்கள்

பழைய வண்டிக்காரன், சென்னை

கத்திரி வெயில் சமயம். பத்து வருடம் தாண்டிய பெட்ரோல் ஹாட்ச்பேக். பெருங்களத்தூர் தாண்டி நல்ல வேகத்தில் போனால் டெம்பரேச்சர் முள் பாதியில் அசையாமல் நிற்கும், பல்லாவரம் சிக்னலில் நின்றால் மெல்ல ஏறும், அதே நேரத்தில் ஏசியும் வெதுவெதுப்பாக ஊதும். ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ரேடியேட்டர் அடைத்திருந்தால் நெடுஞ்சாலையிலும் சூடாக வேண்டும் அல்லவா? வேகத்தில் காற்று தானாகவே உள்ளே வருகிறது, நிற்கும்போதுதான் ஃபேன் வேலை செய்ய வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது, இரண்டுக்கும் அதே ஃபேன். அதனால் சந்தேகம் நேராக ஃபேன் மீது போனது.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. பியூஸ் நன்றாக இருந்தது. அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் குட்டி ஸ்விட்ச். என் வண்டியில் ஹாரன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் ஒரே நம்பர், இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஹாரன் அடித்தது, ஃபேன் அப்படியே நின்றது. ஆக ரிலே நல்லதுதான். கடைசியாக ஃபேன் கனெக்டரைக் கழற்றி, நடுவில் ஒரு பியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுத்தேன். லேசாகத் துடித்துவிட்டு நின்றது. நீளமான குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டதும் சுற்ற ஆரம்பித்தது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் இப்படித்தான் நடக்கும். புது மோட்டார் வாங்கி மாட்டினேன், ரேடியேட்டருக்குக் கேட்ட பணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. ஒன்று முக்கியம்: இன்ஜினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும், கை வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

மலைப்பாதை, பொள்ளாச்சி

எனக்கு நேர்மாறு. ஊருக்குள் ஒன்றும் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, அதில் நாலு பேரோடு ஏறும்போது பாதியிலேயே முள் எகிறும். ஃபேன் கத்திக்கொண்டு சுற்றுகிறது, கூலன்ட்டும் இருக்கிறது. ஓரமாக நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் விரல் வைத்தால் வெறும் வெதுவெதுப்பு, மேல் ஹோஸில் விரலே வைக்க முடியவில்லை. தண்ணீர் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். ஒன்று தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடான பிறகு கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), இல்லையென்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு.

வீட்டுக்கு வந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தைத் தொடாதபடி கம்பியில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றினேன். அதன் மேல் 82 என்று பொறித்திருக்கும், 82 டிகிரியில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் பாதிதான் திறந்தது. தெரிந்த மெக்கானிக் சொன்னது, "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குங்க, கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க." இந்த யோசனையை நம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், இன்ஜின் குளிர்ச்சியாகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் போய்விடும். புதிதாக ஒன்று போட்டேன், கேஸ்கட்டோடு. திரும்பக் கூலன்ட் ஊற்றும்போது காற்று சிக்கிக்கொள்ளும், அதையும் எடுக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் மேடாக நிறுத்தி, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்கும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் டீ கெட்டிலின் அடியிலேயே வெள்ளையாகப் படியும், ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதேதான். கூலன்ட்டில் கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

இரவு ஷிப்ட், ஓசூர்

இரண்டு பேருக்கும் கூலன்ட் குறையவில்லை, அது அதிர்ஷ்டம். என் வண்டியில் கீழே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் குறைந்துகொண்டே வந்தது. மூடியின் ரப்பர் வெடித்திருக்கும் என்று மூடியை மாற்றினேன். மாற்றமில்லை. ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகினால் முன் சீட் காலடியில் கார்பெட் நனையும், அதுவும் இல்லை. வாட்டர் பம்பிலும் காய்ந்த கறை ஒன்றும் இல்லை. காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியது, சூடே ஆகாதபோது அவ்வளவு பிரஷர் எங்கிருந்து வரும்? மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல் பாகமான ஹெட்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைக்கும் தகடு. எரியும் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. இதை வீட்டில் செய்யலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு இறங்காதீர்கள், ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து வளைவு பார்க்க வேண்டும். ஒழுகலை அடைக்கும் சீலர் ஊற்றினால் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னார், ரேடியேட்டரையும் சேர்த்து அடைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

பழைய வண்டிக்காரன், சென்னை

ஓசூர் நண்பருக்கு: கல் மாதிரி ஹோஸ் விஷயம் நல்ல குறிப்பு, எனக்குத் தெரியாது.

ரோட்டில் முள் ஏறினால் என்ன செய்வது என்று தனிச் செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் போடுங்கள், அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. சிவப்புக்குப் போய்விட்டால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே பிரஷர் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது, திறந்த அடுத்த நொடி எல்லாம் பொங்கி முகத்துக்கு வரும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். அரை மணி நேரமாவது காத்திருங்கள்.

மலைப்பாதை, பொள்ளாச்சி

இன்னொன்று. வடித்த கூலன்ட்டை வாசலில் கொட்டாதீர்கள். லேசாகத் தித்திக்கும் என்பதால் நாய், பூனை நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். நான் கேனில் பிடித்து மூடி, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுவிட்டுக் கொடுத்தேன்.