மகளுக்குச் சின்ன லேப்டாப்: 14 அங்குலம் போதுமா?

கோவில்பட்டி ஜெராக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குக் கோவையில் சிவில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டல். அண்ணன் மகன் தன்னுடைய பழைய கேமிங் லேப்டாப்பைத் தருகிறேன் என்றான். தூக்கிப் பார்த்ததும் சந்தேகம் வந்து, எதிர்த்த மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். சார்ஜரோடு 3 கிலோ 100. "என்ன அண்ணாச்சி, புளியா?" என்று கேட்டார் கடைக்காரர். மகளே 41 கிலோதான். அது வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

கையில் 55,000 இருக்கிறது. டவுனில் ஒரு கடையில் 15.6 அங்குலத்தில் ரைசன் 5 7520யு பிராசசர், 8 ஜிபி ரேம் உள்ள ஒன்றைக் காட்டி, "7000 சீரிஸ், லேட்டஸ்ட்" என்றார்கள். மகளோ மேக்புக் ஏர் கேட்கிறாள். ஜெராக்ஸ் மிஷினைப் பிரித்துப் பூட்டிவிடுவேன், இந்த எண்கள்தான் புரியவில்லை. 14 அங்குலம் வாங்கினால் நாலு வருஷம் ஓட்டிவிடலாமா?

உமா, சிவில் மூன்றாம் ஆண்டு

அங்கிள், மேக்புக் வேண்டாம். பிளான் வரையும் ஆட்டோகேட் அதில் ஓடும், ஆனால் கட்டடம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான ஸ்டாட் ப்ரோ, ஈடாப்ஸ், ரெவிட் மூன்றும் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஆட்டோகேடையும் ரெவிட்டையும் இலவசமாகத் தருகிறது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்காதீர்கள்.

முதல் செமஸ்டரில் மினி டிராஃப்டர் (கோடு போடும் கருவி), சார்ட் என்று கையால்தான் நிறைய வரைந்தோம். டிராஃப்டர், கால்குலேட்டர், ரெக்கார்டு நோட்டு இவற்றோடு லேப்டாப்பையும் சுமந்து மூன்றாவது மாடி ஏறுவது அவள்தான். அதனால் 14 அங்குலமே நல்லது. என் 8 ஜிபியில் ரெவிட்டைத் திறந்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய் வந்துவிடலாம். 16 கேளுங்கள்.

ஸ்குரூடிரைவர் பாண்டி

அண்ணே, மதுரையில் 14 வருஷமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். முதலில் அந்த 7520யு. இந்த வரிசையில் முதல் எண் வருஷக் கணக்கு. உள்ளே இருக்கும் சரக்கு எந்தத் தலைமுறை என்பது மூன்றாவது எண்ணில் இருக்கிறது. 7520-இல் அது 2, அதாவது ஜென் 2. அந்த வடிவமைப்பு 2019-இல் வந்தது. கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் மூளை, நாலுதான். 7530யு என்றால் ஜென் 3, ஆறு கோர். வெளியே ஒரே ஒரு எண் வித்தியாசம், உள்ளே ஆளே வேறு.

அதோடு 7520யு-வில் ரேம் போர்டிலேயே பற்றவைத்துத்தான் வரும். பின்னால் 8-ஐ 16 ஆக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ரேம் ஸ்லாட் ஒன்றாவது காலியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் முதலிலேயே 16.

பேட்டரிக்கு எத்தனை மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பதை விடுங்கள், பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று சொல்லும் வாட்-ஹவர் பாருங்கள். எழுத்து வேலை, பிரவுசர் என்றால் சுமார் 8 வாட் இழுக்கும். 50 வாட்-ஹவருக்கு ஆறு மணி நேரம் வரும், 38-க்கு ஐந்தைத் தொடாது. ரெவிட் ஓடினால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

அப்புறம் ஹின்ஜ், திரையைத் திறந்து மூடும் கீல். என் மேசைக்கு வரும் காலேஜ் பிள்ளைகளின் லேப்டாப்பில் பாதிக்கு அதுதான் வியாதி. ஒரு மூலையைப் பிடித்தே வெடுக்கென்று திறப்பார்கள். உள்ளே ஸ்குரூவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தெறித்துவிடும். பாப்பாவை நடுவில் பிடித்துத் திறக்கச் சொல்லுங்கள். கடையிலும் நீங்களே நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள், முறைத்தால் முறைக்கட்டும்.

கோவில்பட்டி ஜெராக்ஸ்

தம்பி, நேற்றே போய்ப் பார்த்தேன். மூன்றாவது எண்ணைக் கேட்டதும் கடைப் பையன் முதலாளியைக் கூப்பிட்டான்! 7530யு, 14 அங்குலம், 1.4 கிலோ, ஒரு ஸ்லாட் காலி. 8 ஜிபி கூடுதலாகப் போட்டால் பட்ஜெட்டை 2,000 தாண்டுகிறது, சமாளித்துவிடுவேன். இரண்டு சந்தேகம். சின்னத் திரையில் பிளான் வரைந்தால் கண் வலிக்காதா? டைப்-சி ஓட்டையில் சார்ஜ் ஏறுமா என்றால் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

உமா, சிவில் மூன்றாம் ஆண்டு

1920க்கு 1200 திரையா என்று பாருங்கள் அங்கிள். 1080-ஐ விட உயரம் கொஞ்சம் கூடுதல், ஆட்டோகேடில் கீழே கமாண்ட் வரி போனாலும் இடம் மிஞ்சும். பெரிய பிளானை நாங்கள் லேபில்தான் போடுவோம். ஒரு மவுஸ் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், டச்பேடில் வரைய முடியாது.

ஸ்குரூடிரைவர் பாண்டி

டைப்-சி ஓட்டை பக்கத்தில் பிளக் மாதிரியோ பேட்டரி மாதிரியோ ஒரு சின்னப் படம் இருக்கும், பாருங்கள். படம் இல்லாமலும் சிலதில் ஏறும். யாரிடமாவது 65 வாட் பிடி (பவர் டெலிவரி) டைப்-சி சார்ஜர் இருந்தால் கடைக்குக் கொண்டுபோய்ச் சொருகிப் பாருங்கள். போன் சார்ஜரைச் சொருகி ஏறவில்லை என்பதால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஏறினால் போனுக்கும் லேப்டாப்புக்கும் அந்த ஒரு சார்ஜரே போதும், பையில் ஒரு செங்கல் குறையும். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்க மறக்காதீர்கள் அண்ணே.