கரியடுப்பில் கோழித்தொடை: மேலே கருகுகிறது, எலும்பருகே வேகவில்லை. ஏன்?

மாடிக்காற்று (வினா):

வணக்கம். மூடியுள்ள வட்டக் கரியடுப்பு ஒன்றில், வார இறுதிகளில் மொட்டை மாடியில் கோழித்தொடைகளைச் சுட்டு வருகிறோம். தயிர், மிளகாய்த்தூள், சிறிது தேன் கலந்த மசாலாவில் ஊறவைத்து, கரி நன்றாகக் கனன்றதும் கம்பிவலையின் மீது வைக்கிறோம். மேற்புறம் விரைவில் கருகிவிடுகிறது. எலும்பை ஒட்டிய சதையோ பச்சையாகவே இருக்கிறது. முதலில் கடும் சூட்டில் வைத்தால்தான் சாறு உள்ளே அடைபடும் என்று பலரும் சொல்வதால் சூட்டைக் குறைக்கவும் தயக்கமாக உள்ளது. அறிவியல் காரணத்தை யாரேனும் விளக்கினால், நெருப்பை எப்படி அமைப்பது என்பது எனக்குத் தெளிவாகும்.

தணல்:

நண்பரே, கம்பிவலைக்கு அடியிலிருந்து இறைச்சியைத் தாக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி, கனலும் கரியிலிருந்து நேராகப் பாயும் அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகிறது. கதிர்வீச்சின் வலிமை தனி வெப்பநிலையின் (கெல்வினில் அளக்கப்படுவது) நான்காம் அடுக்கோடு ஏறும் என்பதால், கரி சற்றே கூடுதலாகக் கனன்றாலும் மேற்பரப்பில் விழும் வெப்பம் மிகவும் கூடிவிடும். இறைச்சிக்குள்ளோ வெப்பம் கடத்தலால் மட்டுமே நகர வேண்டும். பெரும்பாலும் நீராலான அந்தத் திசுவில் அது மெதுவாகத்தான் நகரும். துண்டின் பருமன் இரட்டிப்பானால் நடுப்பகுதி வேகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மீன் துண்டுக்கும் மெல்லிய இறைச்சிக் கீற்றுக்கும் பொருந்தும் நெருப்பு, எலும்போடு கூடிய தொடைக்குப் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

நாம் விரும்பும் பழுப்பு நிறமும் மணமும், பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினையால் உண்டாகின்றன. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடும் அவ்வினை, ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல்தான் விரைவு பெறும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 பாகையைப் பெரிதாகத் தாண்டாது. மசாலாவைத் தடிமனாக அப்பியபடி வைத்தால் அந்த நீர் முழுவதும் ஆவியாகும்வரை தோல் நிறம் பிடிக்காது; ஈரம் வற்றியதும் தேனிலுள்ள பிரக்டோஸ் என்ற சர்க்கரை மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு கருகும். ஆகவே அதிகப்படியான மசாலாவை வழித்துவிட்டு வையுங்கள். தேனைக் கடைசி ஐந்து நிமிடங்களில் பூசுங்கள்.

நெருப்பை இரண்டாகப் பிரிப்பதே தீர்வு. கரி முழுவதையும் ஒரு பக்கமாகக் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். கரி நீறு பூத்த பிறகு, தொடைகளை வெறும் பக்கத்தில் வைத்து மூடியைக் கவிழ்த்தால், உள்ளே சுழலும் சூடான காற்று எல்லாப் புறமும் சீராக வேகவைக்கும். கரி எரியும் வேகம் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனைப் பொறுத்தது என்பதால், காற்றுத் துளைகளைத் திறந்தும் ஒடுக்கியும் சூட்டைக் கட்டுப்படுத்தலாம். உட்பகுதி 70 பாகையை நெருங்கியதும் தணலுக்கு நேர்மேலே மாற்றித் தோலை முறுகவிடுங்கள்.

உப்புக்கல்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். சாறு அடைபடும் என்ற கருத்தைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் பரப்பிய கருத்து அது. பின்னர் எடைபோட்டுச் சோதித்தவர்கள் அது தவறென்று காட்டிவிட்டார்கள். முறுகிய மேலோடு நீரைத் தடுப்பதில்லை. அது உருவான பிறகும் கேட்கும் 'சுர்' என்ற ஓசையே நீர் தொடர்ந்து வெளியேறுவதற்குச் சான்று. சாறு இழப்பைத் தீர்மானிப்பது உட்புற வெப்பநிலைதான்: 60 பாகைக்கு மேல் தசைப் புரதங்கள் இறுகிச் சுருங்கி நீரைப் பிழிந்து தள்ளுகின்றன. நெஞ்சுக்கறி அதனால்தான் சட்டென்று வறண்டுபோகிறது. தொடையில் கொலாஜன் என்ற இணைப்புத்திசுப் புரதம் மிகுதி. 80 பாகைவரை போனாலும் அது ஜெலட்டினாகக் கரைந்து சதையை மென்மையாக வைத்திருக்கும். ஆகவே தொடையைப் பொறுமையாக வேகவைக்க அஞ்ச வேண்டாம்.

நாட்டுக்கரி:

எலும்பருகே தெரியும் சிவப்பை மட்டும் வைத்து வேகவில்லை என்று முடிவுசெய்யாதீர்கள். இளம் கோழிகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி, முழுதாக வெந்த பிறகும் சிவப்பாகவே இருக்கலாம். முனை கூரான சமையல் வெப்பமானியை எலும்பில் படாமல் சதையின் நடுவில் செருகிப் பாருங்கள். 74 பாகை காட்டினால் கோழி உண்ணத் தக்கது.

கொழுப்பு தணலில் சொட்டிப் புகையும்போது புற்றுநோயைத் தூண்டக்கூடிய பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற சேர்மங்கள் உருவாகி இறைச்சியில் படிகின்றன. வெறும் பக்கத்தில் வேகவைக்கும் முறை இதையும் குறைக்கும். அப்படியும் கருகிய பகுதி இருந்தால் வெட்டி எறியுங்கள். பச்சைக் கோழி ஊறிய மசாலாவை வெந்த துண்டின்மேல் பூசவே கூடாது. மழை வந்தால் அடுப்பை அறைக்குள் நகர்த்துவதும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது உயிரைப் பறிக்கும்.

மாடிக்காற்று:

அனைவருக்கும் நன்றி. இடையிடையே மூடியைத் திறந்து பார்க்கலாமா?

தணல்:

இயன்றவரை திறக்காதீர்கள். திறக்கும்போது சூடான காற்று வெளியேறி வேகும் நேரம் நீளும். கூடவே ஆக்சிஜன் புகுந்து கரியும் சீறி எரியும். அரை மணி நேரம் கழித்து ஒருமுறை திறந்து, துண்டுகளைத் திருப்பி, வெப்பமானியால் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுங்கள்.