யோக்கெரெஸை ஜிரூவோடு ஒப்பிடுவது நியாயமா?

குன்னூர் கன்னர்:
இங்கிலாந்தின் ஆர்சனல் கால்பந்து அணியைக் கொண்டாடும் நண்பர்களுக்கு வணக்கம். குன்னூரில் நாங்கள் ஐந்தாறு பேர் ஒரே வீட்டில் கூடி ஆட்டம் பார்ப்பது வழக்கம். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணிக்கு 102 ஆட்டங்களில் 97 கோல் அடித்துவிட்டு, 2025 ஜூலையில் நம் அணிக்கு வந்த முன்கள வீரர் விக்டர் யோக்கெரெஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எங்களில் மூத்த அண்ணன் ஒருவர், முன்பு நம் அணியில் அதே இடத்தில் ஆடிய ஒலிவியே ஜிரூவை நினைத்து, "இந்த இடத்தில் ஜிரூ இருந்திருந்தால்" என்று ஆரம்பித்துவிடுகிறார். ஆகஸ்டில் லீட்ஸுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர், பிறகு பல வாரங்கள் கோலின்றித் தவித்தது உண்மைதான். ஆனால் ஜிரூ ஆடிய காலத்தில் அவரையும் நாம் குறை சொல்லிக்கொண்டுதானே இருந்தோம்? இந்த ஒப்பீடு சரியா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கோத்தகிரி ரசிகன்:
உங்கள் அண்ணன் பக்கம்தான் நான். நம் அணிக்காக ஜிரூ அடித்த 253 ஆட்டங்களில் 105 கோல் என்பது சிறிய கணக்கல்ல. 2017 ஜனவரி 1 அன்று, கிறிஸ்டல் பேலஸுக்கு எதிராக, சக வீரர் சான்செஸ் அடித்த பந்து தனக்குப் பின்னால் போய்விட்ட நிலையிலும், முன்னால் சாய்ந்து, இடது குதிகாலைப் பின்னுக்குத் தூக்கி, அதைத் தலைக்கு மேலாகக் கோலின் குறுக்குக் கம்பத்தின் அடிப்பக்கத்தில் பட்டு உள்ளே போகச் செருகினாரே, அந்தக் கோல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அதே ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று வீரராக உள்ளே வந்த சில நொடிகளில், செல்சிக்கு எதிராக நம் ராம்சி அடித்த வெற்றிக் கோலுக்குப் பந்தைத் தந்தவரும் அவர்தான். ஆடவிடாமல் பெஞ்சில் உட்கார வைத்தபோதும் அவர் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் அவர்மேல் அவ்வளவு பிரியம்.

எஸ்டேட் பயிற்சியாளர்:
இருவரும் ஒரே இடத்தில் நின்றாலும் செய்யும் வேலை வேறு. ஜிரூ கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரணித் தடுப்பாட்டக்காரரை (டிஃபெண்டரை) முதுகிலேயே தாங்கிக்கொண்டு, பந்தை ஒரே தொடுதலில் ஓடிவருபவருக்குத் தள்ளிவிடுவார். 2013-இல் நார்விச்சுக்கு எதிராக, ஜிரூ தள்ளிவிட்ட பந்தில் நம் வில்ஷியர் அடித்த கோலைத் திரும்பப் பாருங்கள். யோக்கெரெஸுக்குப் பந்து காலடியில் வேண்டாம், முன்னால் வெற்றிடம் வேண்டும். நான் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் திடலின் ஒரு பக்கம் முழுக்கத் தேயிலைச் சரிவு. பந்தை நெடுக அடித்தால் செடிக்குள் இறங்கித் தேட வேண்டியிருக்கும் என்பதால், எங்கள் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலேயே காலடியில் பந்து வாங்கப் பழகிவிட்டார்கள். ஆட்டக்காரனை நிலம்தான் வளைக்கிறது. இங்கிலாந்தில் எதிரணிகள் தங்கள் கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் கூட்டமாகப் பின்வாங்கி நின்று நம்மை ஆடவிடும்போது, யோக்கெரெஸ் ஓடுவதற்கு நிலமே இருப்பதில்லை. அப்படியிருந்தும் அவர் ஓட்டம் வீணாவதில்லை. இரண்டு டிஃபெண்டர்களை அவர் இழுத்துக்கொண்டு போவதால்தான் மற்றவர்களுக்கு வழி திறக்கிறது. கோல் கணக்கை மட்டும் வைத்து எடை போட்டால் இது தெரியாது.

லவ்டேல் வாசி:
ஜிரூவின் பெயரைச் சொல்பவர்கள் 2015 பிப்ரவரியில் மொனாக்கோவிடம் நம் சொந்தத் திடலில் 1-3 எனத் தோற்றதையும் நினைவில் வைக்க வேண்டும். அன்று அவர் தவறவிட்ட வாய்ப்புகள் ஒன்றிரண்டல்ல. அன்று நாம் பொறுத்துக்கொண்டது போல இன்றும் பொறுக்கலாம்.

குன்னூர் கன்னர்:
அனைவருக்கும் நன்றி. பயிற்சியாளர் ஐயா சொன்னதை மனதில் வைத்து, 2025 தீபாவளிக்கு மறுநாள் நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய அத்லெட்டிகோ மாட்ரிட் ஆட்டத்தை நேற்று அண்ணனோடு உட்கார்ந்து மறுபடியும் பார்த்தேன். யோக்கெரெஸின் இரண்டு கோல்களில் எதுவும் அழகானதல்ல; முதலாவது காலில் சரியாகப் படாமல் உருண்டது, இரண்டாவது கார்னரிலிருந்து நம் கேப்ரியல் தலையால் திருப்பிய பந்தைக் கோலின் வாயிலில் நின்று உடம்பால் தள்ளியது. ஆனால் அவர் பந்தில்லாமல் ஓடிய ஓட்டங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது அண்ணன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. கடைசியில், "ஜிரூ இவ்வளவு ஓடமாட்டார்" என்றார்.